லேடீஸ் ஹாஸ்டல்ல ஆதார் காப்பி கேக்குறாங்க, குடுக்கலாமா?

கேள்வி:
தங்கச்சிக்கு சென்னைல வேலை கெடச்சிருக்கு, ஹாஸ்டல் பாக்கப் போனா ஆதார வாட்ஸ்அப்ல அனுப்புங்கன்றாங்க, அப்பாவோடதும் வேணுமாம். ரிசப்ஷன் நோட்டுல எல்லா பொண்ணுங்க பேரும் போன் நம்பரும் எழுதி தொறந்தே கெடக்கு, யார் வேணா பாக்கலாம். எனக்கு மனசே ஒப்பல. என்ன பண்றது?

பதில் 1:
மாஸ்க்டு ஆதார் குடுங்க. ஆதார் குடுக்கற அமைப்பான யுஐடிஏஐ சைட்ல டவுன்லோட் பண்றப்பவே ஆப்ஷன் இருக்கு, 12 நம்பர்ல மொத 8 மறைஞ்சிடும். அப்பாவோடது எதுக்குங்க? முடியாதுன்னு சொல்லிடுங்க.

பதில் 2:
ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் எடுக்கறப்ப கவனம். எங்க ஏரியா கடை கம்ப்யூட்டர்ல டவுன்லோட்ஸ் ஃபோல்டர தொறந்தா ஊர்ல இருக்கறவங்க ஆதாரெல்லாம் பிடிஎஃப்பா வரிசையா நிக்குது. பாஸ்வேர்டு இருக்கேன்னு நம்பாதீங்க, பேர்ல மொத 4 எழுத்தும் பொறந்த வருஷமும்தான். கூடவே நின்னு டெலிட் பண்ண வச்சு ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணச் சொல்லுங்க. ஆதார்ல பயோமெட்ரிக் லாக்கும் (கைரேகை, கண் பதிவ யாரும் பயன்படுத்த முடியாம பூட்டறது) போட்டுருங்க, கைரேகைய காப்பியடிச்சு ஆதார் வழியா பேங்க்ல காசு உருவுற மோசடி நெறைய நடந்திருக்கு.

பதில் 3:
புட்டசாமி கேஸ்ல 2017லயே சுப்ரீம் கோர்ட் 9 நீதிபதிங்க ஒருமனதா பிரைவசி அடிப்படை உரிமைன்னு சொல்லியாச்சு. அடுத்த வருஷம், தனியார் கம்பெனிங்க ஆதார் வச்சு வெரிஃபை பண்ண வழி விட்ட பகுதிய ஆதார் சட்டத்தோட 57ஆம் பிரிவுல இருந்து தூக்கிட்டாங்க. அதனால தயங்காம வோட்டர் ஐடியோ டிரைவிங் லைசென்ஸோ குடுத்துப் பேசிப் பாருங்க, அந்த நோட்டயும் உள்ள எடுத்து வைக்கச் சொல்லுங்க, அங்க இருக்கற அத்தன பொண்ணுங்களோட பாதுகாப்பு அது.