கோவா அரை அயர்ன்மேனா, நேராக முழுசா? ஒரு ரப்பர் வெட்டுக்காரனின் சந்தேகம்

ரப்பர்வெட்டு (குலசேகரம்)

எல்லாருக்கும் வணக்கம். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வழியில் ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. ஆள் வைக்கவில்லை, நானேதான் வெட்டுகிறேன். 280 மரம், ஒன்றுவிட்ட நாள் வெட்டு. வயது 41. காலை நாலரைக்கு நெற்றியில் லைட்டை மாட்டிக்கொண்டு இறங்கினால் ஏழு மணிக்குள் வெட்டு முடியும். அப்புறம் சிரட்டையில் பால் சொட்டி அடங்க இரண்டு மணி நேரம். மற்றவர்கள் அந்த நேரத்தில் கட்டன்சாயா குடிக்கப் போவார்கள், நான் ஓடப் போவேன். திற்பரப்பு வரை ஓடித் திரும்பி வந்து பால் எடுப்பேன். அந்த ஓட்டத்தில் தொடங்கியதுதான் எல்லாம்.

இதுவரை டிரையத்லானில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தொடர்ந்து செய்கிற பந்தயம்) இரண்டு ஒலிம்பிக் தூரம் முடித்திருக்கிறேன்: ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். கடைசியாகச் செய்தபோது 3 மணி 5 நிமிடம். பெரிய வேகம் இல்லை, ஆனால் முடித்தபிறகு நடக்க முடிந்தது.

2025 நவம்பரில் அண்ணாமலையும் தேஜஸ்வி சூர்யாவும் கோவாவில் 70.3 (அதுதான் அரை அயர்ன்மேன், இதைவிட நீளமான டிரையத்லான்) முடித்ததாகச் செய்தி வந்ததிலிருந்து எங்கள் ஊர் சாயாக்கடையில் தொல்லை தாங்கவில்லை. "நீ எப்பம்லே?" என்பதுதான் தினமும் கேள்வி. துபாயில் இருக்கும் மச்சினன் வேறு, "அரையெல்லாம் எதுக்கு, அதே செலவுக்குக் கூடக் கொஞ்சம் போட்டு மலேசியாவுல லங்காவி போய் முழுசா முடிச்சிரு" என்கிறான்.

என் சந்தேகம் இதுதான். இந்த வருஷம் கோவா, அடுத்த வருஷம் முழுசு என்று போகவா? இல்லை ஒரு வருஷம் நன்றாகத் தயாராகி நேரே முழுசுக்கே போகவா? நீச்சல் எல்லாம் ஊர்க் குளத்தில்தான். கடலில் இதுவரை நீந்தியதில்லை. சைக்கிள் பழைய ரோடு பைக், கைப்பிடியில் ஏரோ பார் (முன்னால் குனிந்து முழங்கையை ஊன்றி ஓட்டுகிற கம்பி) மட்டும் புதிதாக மாட்டியிருக்கிறேன்.

---

ஆரல்காற்று

அண்ணே, மச்சினன் பேச்சை விடுங்க. முதலில் கணக்கைப் பாருங்க.

அரையில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். வழக்கமாகக் கெடு நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், சைக்கிளை இறங்கி வைக்க ஆரம்பத்திலிருந்து 5 மணி 30 நிமிடம், மொத்தம் 8 மணி 30 நிமிடம். ஒவ்வொரு பந்தயத்திலும் கொஞ்சம் மாறும், அந்த வருஷத்து விதிப்புத்தகத்தைப் படிச்சிட்டுத்தான் காசு கட்டணும். நீச்சலில் 1 மணி 5 நிமிடம் எடுத்து, உடை மாற்ற எட்டு நிமிடம் போனால், 90 கிலோமீட்டருக்கு மிச்சம் 4 மணி 17 நிமிடம். அதாவது மணிக்கு 21 கிலோமீட்டர். உங்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. முழுசில் எல்லாம் இரட்டிப்பு: 3.8, 180, 42.2. கெடு 17 மணி நேரம். உடம்புக்கு மட்டும் அது நாலு மடங்கு.

சைக்கிளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. களியக்காவிளை–நாகர்கோவில் ரோட்டை மறந்துடுங்க. கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிக்கும் நமக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இருக்காது. ஞாயிறு விடியற்காலை நாகர்கோவிலிலிருந்து நாலுவழிச் சாலையைப் பிடிச்சு நாங்குநேரி போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். முப்பந்தல் தாண்டும்போது மட்டும் ஏரோ பாரில் படுக்காதீங்க. ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து பக்கவாட்டில் அடிக்கும், காற்றாலை எல்லாம் சும்மாவா அங்கே நிற்குது? ஒரு லாரி உங்களைத் தாண்டும்போது காற்று சட்டென்று நிற்கும், தாண்டி முடிச்ச உடனே திரும்ப அறையும். நான் ஒரு தடவை வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தேன். முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கு.

---

குழித்துறை டீச்சர்

தம்பி, நான் கோவாவில் முதல் தடவை 1 மணி 14 நிமிடத்தில் கரையேறினேன். நாலு நிமிடம் தாமதம். காலில் கட்டியிருந்த, நேரம் அளக்கிற சிப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். என் சைக்கிள் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது, அதைத் தொடக்கூட இல்லை. வயது அப்போது 46. அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

அரையா முழுசா என்பதை நீ முடிவு செய்ய வேண்டியதில்லை, உன் தோட்டமே செய்துவிடும். எங்கள் வீட்டிலும் ரப்பர் உண்டு, அதனால் தெரியும். பால் நன்றாக இறங்குவது எப்போது? ஐப்பசி முதல் தை வரை. லங்காவி நடப்பது நவம்பரில், ஆஸ்திரேலியாவின் பஸ்ஸல்டன் டிசம்பரில். முழு தூரத்துக்குக் கடைசி இரண்டு மாதம் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரமாவது வேண்டும், சனிக்கிழமை ஐந்தாறு மணி நேரச் சைக்கிள் தனி. அந்த இரண்டு மாதம் சரியாக உன் மகசூல் தொடங்கும் நேரத்தில் வந்து உட்காரும். பால் வெட்டுவாயா, பெடல் மிதிப்பாயா? மாறாக, இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழை) மரத்துக்கு ரெயின் கார்டு, அதாவது வெட்டில் மழை படாமல் மறைக்கிற தடுப்பு, கட்டாவிட்டால் உனக்கு வெட்டே இல்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்டு முழுக்கக் காலை உன்னுடையது. அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிற கோவாவுக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி. என்றாவது முழுசுதான் வேண்டுமென்றால் ஆகஸ்டில் நடக்கிற ஸ்வீடனின் கால்மர், டென்மார்க்கின் கோபன்ஹேகன் மாதிரி ஒன்றைப் பார். ஆனால் அங்கே தண்ணீர் குளிர், வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) போட்டு நீந்த வேண்டும். நம் குளத்தில் அதைப் போட்டுப் பழகினால் வெந்துபோவாய்.

இன்னொன்று, வெட்டையும் பயிற்சிக் கணக்கில் சேர். 280 மரத்துக்குக் குனிந்து நிமிர்ந்து இருட்டில் சரிவில் நடப்பது சும்மா இல்லை. வெட்டு நாளில் லேசான ஓட்டம் மட்டும். கடினமானது எல்லாம் வெட்டு இல்லாத நாளுக்கு. இது புரியாமல் என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் முதுகைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்.

இப்போது நீச்சல். ஏன் தோற்றேன் தெரியுமா? குளத்தில் நான் 1.9 கிலோமீட்டரை 58 நிமிடத்தில் முடிப்பேன். அதை நம்பிப் போனேன். எனக்கு வலது பக்கம் மட்டும்தான் மூச்செடுக்க வரும். மிராமர் கடற்கரையில் அன்றைக்கு அலை வலதிலிருந்து வந்தது. இரண்டு மூச்சுக்கு ஒரு வாய் உப்புத் தண்ணீர். மிதவையைப் பார்க்கத் தலையைத் தூக்கினால் இடுப்பு கீழே போகிறது, இடுப்பு போனால் வேகம் போகிறது. குளத்தில் கரையில் நிற்கிற தென்னையைப் பார்த்து நீந்திப் பழகியவளுக்கு, அலைக்கு நடுவே மிதவை என்பது நாலு தடவை தலை தூக்கினால் ஒரு தடவை தெரிகிற பொருள். நேரே போகிறேன் என்று நினைத்துக்கொண்டு வளைந்து வளைந்து போயிருக்கிறேன். கைக்கடிகாரம் 2.3 கிலோமீட்டர் காட்டியது.

அடுத்த தடவைக்காக நான் செய்தது ரொம்பச் சின்ன வேலை. ஆறு மாதம் இடது பக்கம் மட்டும் மூச்சு. முதல் மாதம் குளத்துத் தண்ணீர் பாதி வயிற்றுக்குள் போனது. பிறகு ஆறு கைவீச்சுக்கு ஒரு தடவை முதலையைப் போலக் கண்ணை மட்டும் நீருக்கு மேலே தூக்கிப் பார்ப்பது. தலையைத் தூக்குவது வேறு, கண்ணைத் தூக்குவது வேறு. அந்த வருஷம் 1 மணி 3 நிமிடம்.

கடலில் பழக உனக்கு இருப்பது இந்தத் தையும் மாசியும்தான், ஆடியில் போகலாம் என்று நினைக்காதே. நம் மேற்குக் கடலில் ஜூன், ஜூலை விசைப்படகுக்கே தடைக்காலம், உன்னை அந்தக் கடல் ஒரு கையால் சுருட்டிவிடும். நான் குளச்சலில் தெரிந்த வள்ளக்காரரைக் கூட வைத்துக்கொண்டுதான் இறங்கினேன். அவர் "இன்னைக்கு வேண்டாம்" என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்பதில்லை.

சாப்பாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். கடையில் விற்கிற எனர்ஜி ஜெல் எனக்குக் குமட்டும். நான் கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி, உப்பும் எலுமிச்சையும் சேர்த்துப் பாட்டிலில் ஊற்றிக்கொள்வேன். பின்சட்டைப் பையில் மட்டி வாழைப்பழம். சின்னப் பழம், ஒரு மணிக்கு நாலைந்து வேண்டும், தோலை ஒரு கையால் உரிக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. கருப்பட்டித் தண்ணீரை அன்றைக்குக் காலையிலேயே கலக்கு. நான் முந்தின இரவே கலந்து வைத்த ஒருநாள், மூடியைத் திறந்ததும் கள்ளுக்கடை வாசனை வந்தது.

---

பாறசாலைக்காரன்

டீச்சர் சேச்சி சொன்னதற்கு மேல் ஒன்றுமில்லை, இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். திருவனந்தபுரம் பக்கம் பிரப்பன்கோட்டில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்குக் கட்டிய 50 மீட்டர் நீச்சல்குளம் இருக்கிறது. உங்களுக்குத் தூரம்தான். ஆனால் மாதம் ஒரு தடவை போய் நூறு மீட்டருக்கு எத்தனை நொடி என்று அளந்துவிட்டு வாருங்கள். 1 மணி 10 நிமிடக் கெடுவுக்கு நூறு மீட்டர் 3 நிமிடம் 41 நொடி. குளத்திலேயே 3 நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் கடலில் சிரமம்.

அப்புறம் கள்ளக்கடல். காற்றே இல்லாமல், வானம் தெளிவாக இருக்கும்போது வரும் பெரிய அலை. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது அந்த மாதிரி ஒரு நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் (INCOIS, கடல் தகவல் மையம்) எச்சரிக்கை வெளியிடும், அதைப் பார்க்காமல் கடலில் கால் வைக்காதீர்கள்.

சைக்கிளை ரயிலில் கொண்டுபோவது என்றால் நாகர்கோவில்–காந்திதாம் வண்டியும், திருவனந்தபுரத்திலிருந்து நேத்ராவதியும் மட்காவ் வழியாகத்தான் போகும். பெட்டியில் வைக்கும்போது பின்கியரைக் கழற்றித் துணியில் சுற்றுங்கள். நான் கழற்றாமல் விட்டு, இறங்கிப் பார்த்தால் பின்கியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருந்தது. விரல் நீளத்து அலுமினியத் துண்டுதான். அது இல்லாமல் கடைசி இரண்டு கியர் விழவில்லை, பந்தயத்துக்கு முந்தின நாள் முழுக்க அதைத் தேடியே போனது. இப்போது ஒன்று எப்போதும் பையில் கிடக்கும்.

---

ரப்பர்வெட்டு (குலசேகரம்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வெட்டையும் பந்தயத்தையும் சேர்த்து ஒரே காலண்டரில் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை டீச்சர். கோவாதான். மச்சினனுக்கு ஃபோன் போட்டுச் சொல்லியாச்சு, "அப்போ அரை ஆள்தான்" என்று சிரித்தான். சிரிக்கட்டும்.

நேற்று வெட்டு இல்லை. ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் கடையில் ரப்பர் ஷீட் நிறுக்கிற தராசில் ஏறி நின்று பார்த்தேன். ஒரு கிலோ 300 கிராம் குறைந்திருந்தது, நடுவில் தண்ணீர் குடிக்கவில்லை. எடை போடுகிற கடைக்காரர் "ஒட்டுப்பால் விலைக்குத்தான் எடுப்பேன்" என்றார் (மரத்தில் ஒட்டிக் காய்கிற மட்டமான ரப்பர் அது). இவ்வளவு வியர்வையைச் சைக்கிளில் எப்படி ஈடுகட்டுவது? முழுசும் குடித்தால் வயிறு குலுங்குகிறது.

இடது பக்க மூச்சு இன்று காலை முயற்சி செய்தேன். பத்து கைவீச்சு தாண்டவில்லை.

---

குழித்துறை டீச்சர்

முழுசும் ஈடுகட்ட வேண்டாம். மணிக்கு 700, 800 மில்லியில் தொடங்கு, பத்து நிமிடத்துக்கு ஒரு வாய், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே. உப்பை மறக்காதே. வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும், இரண்டு மாதத்தில் பழகும்.

பத்து கைவீச்சு நல்ல ஆரம்பம். எனக்கு முதல் நாள் நாலு. அடுத்த ஞாயிறு குளச்சலுக்கு வருவதாக இருந்தால் சனிக்கிழமை ராத்திரியே சொல், வள்ளக்காரரிடம் கேட்டு வைக்கிறேன். கலர் தொப்பி போட்டு வா, கறுப்பு வேண்டாம், தண்ணீரில் தலை தெரியாது.