கிளட்ச் மிதிக்காம கியர் மாத்தலாமா?

வெண்ணாற்றங்கரை
எங்க பெரியப்பா முப்பது வருஷம் நெல் லாரி ஓட்டினவர். போன வாரம் என் காரை வடுவூர்லேர்ந்து மன்னார்குடி வரைக்கும் அவர்தான் ஓட்டினார். கிளட்ச் பக்கம் காலே போகலை. மூணுலேர்ந்து நாலு, நாலுலேர்ந்து அஞ்சு, சத்தமே இல்லாம விழுந்துது. நானும் பழகறேன். பத்துக்கு ஏழு தடவை சரியா வருது. கிளட்ச் பிளேட் தேயறது மிச்சம்தானே? தப்புன்னா காரணத்தோட சொல்லுங்க.

கும்பகோணம் பட்டறை
மீதி மூணு தடவைதான் தம்பி விஷயமே. கார் கியர்பாக்ஸ்ல சிங்க்ரோ ரிங்னு பெரும்பாலும் பித்தளையில ஒரு வளையம் இருக்கும். அது கியரோட கூம்புல உரசி வேகத்தை ஒண்ணாக்கின பிறகுதான் பல் உள்ளே போகும். கிளட்ச் மிதிச்சா அந்த வளையம் இன்புட் ஷாஃப்டையும் (கியர்பாக்ஸுக்குள்ள சுழற்சியைக் கொண்டு போற தண்டு) கிளட்ச் பிளேட்டையும் இழுத்துப் பிடிச்சா போதும். மிதிக்கலைன்னா ஃப்ளைவீல்னு இருக்கிற கனமான சக்கரத்தோட மொத்த இன்ஜினையும் இழுக்கணும். பிளேட் மாத்த கியர்பாக்ஸை இறக்கினா போதும். ரிங் மாத்த, இறக்கினதை முழுசா பிரிச்சுக் கோக்கணும். எது மிச்சம்னு நீங்களே பாருங்க.

ஸ்டெப்னி
பட்டறைக்காரரே, ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்கறது, சரியா சேர்ந்தா ரிங்குக்கு வேலையே இல்லை. பழைய லாரியில ஏது சிங்க்ரோ? டபுள் கிளட்ச் போட்டு, அதாவது நியூட்ரலுக்கு ஒரு தடவை, அடுத்த கியருக்கு ஒரு தடவைன்னு மிதிச்சு, காதால கேட்டுத்தான் கியர் போட்டோம். ஆக்சிலேட்டரை லேசா விடறப்போ, இன்ஜினும் இழுக்காது, வண்டியும் தள்ளாது, அப்படி ஒரு நொடி வரும். அப்ப ரெண்டு விரல் பட்டாலே நியூட்ரல். மூணாவதுல 2,500 ஓடினா நாலாவதுக்கு ஏறக்குறைய 1,900க்கு இறங்கணும். அதுவரை லிவரை அழுத்தாம சும்மா பிடிச்சிருக்கணும்.

இது வித்தை காட்ட இல்லை. ஒரு ராத்திரி திருப்பனந்தாள் பக்கம் கிளட்ச் கேபிள் அறுந்துடுச்சு, கூட அம்மா. இன்ஜினை அணைச்சு, முதல் கியர்ல போட்டு, சாவியைத் திருப்பினேன். வண்டி குலுங்கி நகர்ந்து பிடிச்சுது. ரெண்டாவது கியர்லயே கும்பகோணம் வந்து சேர்ந்தோம்.

கும்பகோணம் பட்டறை
கேபிள் அறுந்தா செய்யுங்க, நானே சொல்லித் தர்றேன். தினமும் எதுக்குங்கறேன். நம்ம ரோடு எப்படி? தை, மாசியில பாதி ரோட்டுல நெல் காயும், ஓரத்துல கருங்கல் வச்சிருப்பாங்க. கியர் விழாம நியூட்ரல்ல தடவிக்கிட்டிருக்கிற நேரம் கண்ணு எங்க இருக்கும்?

குத்தாலம் அக்கா
டிரைவிங் ஸ்கூல்ல 12 வருஷமா கத்துக் கொடுக்கறேன். ரெண்டு பேருமே பிளேட் எதனால தேயுதுன்னு பேசலை. ஒழுங்கா மிதிச்சு கியர் மாத்தினா பிளேட் ரொம்ப நாள் வரும். அதைத் தின்னுறது ஹாஃப் கிளட்ச், அதாவது பெடலைப் பாதி மிதிச்சபடியே ஓட்டறது. நீடாமங்கலம் ரயில்வே கேட்ல பாருங்க. கேட் திறந்ததும் முன்வண்டியோட ஒட்டி ஒட்டி ஊர்ந்து போவாங்க, கருகின வாடை வரும். பாலத்து ஏத்தத்துல ஹேண்ட்பிரேக் போடாம கிளட்ச்லயே வண்டியை நிறுத்தி வைக்கிறதும் அப்படித்தான். கேட் மூடியிருந்தா நியூட்ரல் போட்டு காலை எடுங்க. மிதிச்சே வச்சிருந்தா, பெடலை மிதிக்கிறப்போ கிளட்சைத் தள்ளி விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் போகும்.

வெண்ணாற்றங்கரை
அக்கா, எனக்கு இடது கால் எப்பவும் பெடல் மேலதான் இருக்கும். அழுத்த மாட்டேன், சும்மா வச்சிருப்பேன்.

குத்தாலம் அக்கா
கால் கனமே போதும் தம்பி. பேரிங் சும்மா உரசிக்கிட்டே சுத்தும், பிளேட்டும் முழுசாப் பிடிக்காது. பக்கத்துல தரையில வைங்க. ஒரு வாரத்துல பழகிடும்.

வெண்ணாற்றங்கரை
சரிக்கா. இனிமே மிதிச்சே மாத்தறேன்.

ஸ்டெப்னி
மிதி தம்பி, நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா ஒரு ஞாயித்துக்கிழமை பெரியப்பாவைக் கூட்டிக்கிட்டு காலி மைதானத்துக்குப் போ. முதல் கியர்ல போட்டு சாவியால வண்டியைக் கிளப்புறதை மட்டும் அவர்கிட்ட கத்துக்கோ. கிளட்ச் மிதிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகும்ங்கற புது வண்டியா இருந்தாலும், அறுந்த பெடலையே மிதிச்சு சாவியைத் திருப்பு. பெடல்கிட்ட இருக்கிற சுவிட்ச் அமுங்கிடும்.