பூட்டிய வீட்டில் மரநாய்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீடு. பங்காளிகள் எல்லாம் வெளியூர். படைப்பு (முன்னோருக்குப் படையல்), கல்யாணம் என்றால்தான் கதவு திறக்கும். இப்போது இரண்டாங்கட்டு (வீட்டின் இரண்டாம் முற்றப் பகுதி) ஓட்டுக்கூரைக்கு அடியில் மரநாய் குட்டி போட்டிருக்கிறது. ஆவணியில் வீட்டில் கல்யாணம். “விஷம் வைத்துவிடலாம்” என்கிறார் சித்தப்பா. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மரநாயைக் கொல்வதும் பொறி வைத்துப் பிடிப்பதும் குற்றம் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். (ஆச்சி என் பக்கம். எலி குறைந்துவிட்டதாம்.)

குட்டிகள் வளர்ந்து வெளியேறிய பிறகு ஓட்டுச் சந்துகளைக் கம்பி வலை போட்டு அடைக்க நினைக்கிறேன். தேக்கு விட்டத்துக்குச் சேதமில்லாமல் இதைச் செய்தவர்கள் உண்டா? குட்டி உள்ளே மாட்டாமல் எப்படி உறுதி செய்தீர்கள்?

அப்புறம் இன்னொன்று. 2002 உயிரியல் பன்மயச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, ஊர் மக்களைக் கேட்டு பல்லுயிர்ப் பதிவேடு (ஊரில் வாழும் உயிரினங்கள் பற்றிய பதிவு) எழுத வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா? பூட்டிக் கிடக்கும் வீடுகளில் வாழும் மரநாய், கூகை, வௌவால் எல்லாம் அதில் ஏறியிருக்கிறதா? பறவைகளுக்காக வெடி வெடிக்காமல் தீபாவளி கொண்டாடும் கொள்ளுக்குடிப்பட்டி நம் மாவட்டம்தானே. அங்குள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயப் பக்கத்து ஆட்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். பதிவேட்டில் சேர்க்க மனு யாரிடம் கொடுப்பது, மாதிரிக் கடிதம் இருந்தால் இங்கேயே போடுங்கள்.