டிஸ்லொகேஷனுக்கு ‘பிசகு’ பொருந்துமா?

> உலோகப் பாடத்தில் வரும் டிஸ்லொகேஷனை (dislocation, படிகத்தில் அணு அடுக்கு குலைந்திருக்கும் கோடு) ‘இடப்பெயர்ச்சி’ என்றே எழுதிவிடலாமா? பழைய சொற்பட்டியல் ஒன்றில் அப்படித்தான் பார்த்தேன்.

வணக்கம் ஐயா. வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தச் சொல்லை வைத்து எழுதிய பாடம் ஒன்றைப் போன மாதம் மெய்ப்புப் பார்த்தேன். ‘இடப்பெயர்ச்சியைச் சுற்றியுள்ள அணுக்களின் இடப்பெயர்ச்சி’ என்று ஒரு வரி. மூன்று தடவை படித்தும் எது எதைக் குறிக்கிறது என்று பிடிபடவில்லை. ஒரு பொருள் எவ்வளவு தள்ளிப்போனது என்பதற்கு இடப்பெயர்ச்சி என்று பள்ளியிலேயே பழகிவிட்டோம். அதே சொல்லை இங்கேயும் வைத்தால் படிக்கிற பிள்ளைதான் திண்டாடும்.

நான் முன்வைப்பது ‘பிசகு’.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். உலோகப் படிகத்தில் அணுக்கள் தளம் தளமாக அடுக்கியிருக்கின்றன. ஒரு தளம் முழுவதும் ஒரே நேரத்தில் இன்னொன்றின் மேல் நழுவ எவ்வளவு தகைவு (ஓர் அலகுப் பரப்பின் மீதான விசை) வேண்டும் என்று 1926இல் இயற்பியலாளர் பிரெங்கெல் கணக்கிட்டார். விறைப்புக் குணகத்தில், அதாவது பொருள் சறுக்குத் திரிபை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவில், ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என்று விடை வந்தது. தூய செம்பின் ஒற்றைப் படிகமோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட எட்டாத தகைவிலேயே இளகிக்கொடுக்கிறது. இந்த முரண்பாட்டுக்கு 1934இல் டெய்லர், ஒரோவான், பொலானி மூவரும் தனித்தனியே ஒரே விளக்கத்துக்கு வந்தார்கள். தளம் ஒருசேர நழுவுவதில்லை. நழுவிய பகுதிக்கும் இன்னும் நழுவாத பகுதிக்கும் நடுவே எல்லையாக ஒரு கோடு இருக்கிறது. அது ஒவ்வொரு வரிசையாகக் கடந்துபோகப் போக நழுவலும் பரவுகிறது. நாம் பெயர் தேடுவது அந்தக் கோட்டுக்கு. 1956இல் மெல்லிய அலுமினியத் தகட்டை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து, இந்தக் கோடுகள் நகர்வதையே பார்த்துவிட்டார்கள்.

நெய்த துணியில் பாவு நூல் ஒன்று பாதி வழியில் நின்றுபோனதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது நின்ற இடத்தில் இருபக்கத்து நூல்களும் நெருங்கி வந்து இடைவெளியை மூடப் பார்க்கும். கொஞ்சம் தள்ளிப்போய்ப் பார்த்தால் நெசவு ஒழுங்காகவே இருக்கும். படிகத்தில் ஓர் அணுத்தளம் பாதியில் முடிகிறபோது அதன் ஓரத்தில் நடப்பதும் இதுதான்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘தோள்மூட்டு பிசகிவிட்டது’ என்கிறோம். எலும்பு முறியவில்லை; உட்கார வேண்டிய இடத்தை விட்டு நழுவிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்திலும் மூட்டுக்குச் சொல்கிற அதே சொல்லைத்தான் படிகத்துக்கும் வைத்திருக்கிறார்கள். தமிழில் அதற்கு நேரான சொல் எல்லோர் வாயிலும் புழங்கும்போது நாம் ஏன் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டும்?

> ‘நழுவல்’, ‘பிறழ்வு’, ‘வரிக் குறைபாடு’ ஆகியவற்றையும் யோசிக்கலாமே அம்மா?

யோசித்தேன் தம்பி. நழுவல் என்பது நிகழ்ச்சி, அதை நடத்திவைப்பது கோடு. இரண்டுக்கும் ஒரே பெயர் ஆகாது. பிறழ்வை மரபியலும் ஒளியியலும் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன. வரிக் குறைபாடு என்பது புள்ளிக் குறைபாடு போல ஒரு வகையின் பெயர். அந்த வகைக்குள் இது ஓர் உறுப்பு.

சொல் தேறுமா என்று பார்க்க, அதை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்ப்பது என் வழக்கம். மேசையில் ஒரு துண்டு செம்புக் கம்பி இருந்தது, சூடாக்கி ஆறவிட்டது. விரலாலேயே வளைத்தேன். திரும்ப நிமிர்த்தினால் வளைந்த இடம் நிமிர மறுக்கிறது. அதற்குப் பக்கத்தில்தான் கம்பி புதிதாக வளைகிறது. இதை இப்படி எழுதினேன்: ‘கம்பியை வளைக்கும்போது பிசகுகள் நகர்கின்றன, நகரும்போதே பெருகுகின்றன. பெருகியவை ஒன்றோடொன்று பின்னிச் சிக்கிக்கொள்வதால் அந்த இடம் இறுகிவிடுகிறது. மீண்டும் பழுக்கக் காய்ச்சினால் பெரும்பாலான பிசகுகள் மறைந்து செம்பு மிருதுவாகிறது.’ படிக்கத் தடையில்லை. ‘பிசகு அடர்த்தி’யும் இயல்பாக வருகிறது: காய்ச்சி ஆறவிட்ட உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பைக் கடக்கும் பிசகுக் கோடுகள் 10 லட்சம் முதல் 10 கோடி வரை, நன்றாக அடித்து நெளித்ததில் லட்சம் கோடியைக்கூடத் தொடும்.

மற்ற கூட்டுச்சொற்களும் சிரமப்படுத்தவில்லை. அணுத்தளம் பாதியில் முடிகிற இடத்தில் வருவது விளிம்புப் பிசகு, தளங்கள் திருகுபோல் சுற்றி ஏறுவது திருகுப் பிசகு, இரண்டும் கலந்தது கலப்புப் பிசகு. கணினிச் சில்லுகளுக்காக வளர்க்கும் சிலிக்கனை ‘பிசகற்ற படிகம்’ என்றே சொல்லலாம். எஃகில் கரி அணுக்கள் பிசகைச் சுற்றிக் கூடி அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன என்றும் எழுதலாம். வைரத்தில் பிணைப்புகள் திசை மாறாமல் இறுக்கமாக நிற்பதால், அறை வெப்பநிலையில் பிசகு நகர்வதே அரிது. வைரம் வளையாமல் உடைவது அதனால்தான்.

ஒரு தடை மட்டும் எனக்கே உறுத்துகிறது. பிசகு என்றால் தவறு என்றும் பொருள். பிசகு இருக்கிற உலோகம் மட்டமான உலோகம் என்று மாணவர் எடுத்துக்கொள்ளலாம். உண்மையில் பிசகு நகர்வதால்தான் செம்பைக் கம்பியாக இழுக்கவும் தகடாக அடிக்கவும் முடிகிறது. இதைப் பாடத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனாலும் தலைப்பில் சொல் தனியாக நிற்கும்போது குழப்பம் வரும். அதற்காகத் தலைப்பிலும் முதல் தடவையும் ‘படிகப் பிசகு’ என்று எழுதி, பிறகு ‘பிசகு’ என்று சுருக்கிக்கொள்ளலாமா? உலோகப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருந்தால், அவர்கள் காதுக்கு இது எப்படிக் கேட்கிறது என்று சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகே பாடத்தில் மாற்றப்போகிறேன்.