கென்னடியோட ஹூஸ்டன் பேச்சு: ஈதோஸ், பேதோஸ், லோகோஸ்னு பிரிச்சா போதுமா?

குடியாத்தம்_எம்ஏ:
வணக்கம். மதமும் அரசியலும் பத்தின பேச்சு ஒண்ணை அலசி 15 நிமிஷம் செமினார் குடுக்கணும். அமெரிக்க அதிபர் தேர்தல்ல நின்ன கத்தோலிக்கர் ஜான் கென்னடி 1960 செப்டம்பர் 12-ல டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன்ல பாதிரிமார் சங்கத்துக்கு முன்னாடி பேசினதை எடுத்திருக்கேன். கடற்படையில சண்டை போட்டது ஈதோஸ் (பேசறவர் மேல வர்ற நம்பிக்கை), போர்ல செத்த அண்ணன் பேதோஸ் (உணர்ச்சியைத் தொடறது), அரசியல் சட்டம் லோகோஸ் (தர்க்கம்)னு எழுதிக் குடுத்தேன். "இது பட்டியல், ஆய்வு இல்ல"ன்னு கைடு மேடம் திருப்பிக் குடுத்துட்டாங்க. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

சத்துவாச்சாரி_வாத்தியார்:
மேடம் சொன்னது சரிம்மா. மூணு டப்பாவுல வரிகளைப் பிரிச்சுப் போட்டா எந்தப் பேச்சும் ஒரே மாதிரிதான் தெரியும். குற்றச்சாட்டுல இருந்து ஆரம்பிங்க. கத்தோலிக்கர் அதிபரானா வாட்டிகன் சொல்றபடிதான் நடப்பாருங்கிற பயம் அப்போ பலமா இருந்துச்சு. 1928-ல கத்தோலிக்க அதிபர் வேட்பாளர் அல் ஸ்மித் தோத்ததுல அதுக்கும் பங்கு உண்டு. எதிர்ல உக்காந்திருந்தவங்க சுமார் 300 புராட்டஸ்டன்ட் பாதிரிமார். அதுக்கு மேல டிவி பாக்கிறவங்க. ஒவ்வொரு பத்தியும் இந்த ரெண்டு கூட்டத்துல யாருக்குன்னு ஓரத்துல குறிச்சுக்கிட்டே வாங்க.

தொடக்கத்துலேயே கேள்வியை மாத்திடறார். கம்யூனிசம், பசி, வைத்தியச் செலவு, சேரி, பள்ளிக்கூடம்னு அடுக்கிட்டு, இதெல்லாம்தான் உண்மையான பிரச்சினை, எதுவும் மதப் பிரச்சினை இல்லங்கிறார். அப்புறம்தான், நான் எந்த மாதிரி திருச்சபையை நம்புறேங்கிறது என் சொந்த விஷயம், எந்த மாதிரி அமெரிக்காவை நம்புறேங்கிறதைச் சொல்றேன்னு திருப்பறார். கேட்டது ஒண்ணு, பதில் வேறொண்ணு. ஆனா ஏமாத்தின மாதிரி தெரியல, ஏன்னா மாத்தறதை மூடி மறைக்காம சொல்லிட்டே மாத்தறார். உங்க செமினார்ல பாதி நேரம் இதுக்கே குடுக்கலாம்.

பசியில இருக்கிற பிள்ளைங்கன்னு மொட்டையா சொல்லாம, மேற்கு வர்ஜீனியாவுல பாத்த பிள்ளைங்கன்னு சொல்றதைக் கவனிங்க. புராட்டஸ்டன்ட்டுங்க பெரும்பான்மையா இருக்கிற அந்த மாநிலத்துலதான் அதே வருஷம் மே மாசம், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டெடுப்புல, போட்டியாளர் ஹம்ப்ரியைத் தோக்கடிச்சார். இரக்கமும் இருக்கு, 'உங்க ஆளுங்களே எனக்கு ஓட்டுப் போட்டாங்க'ங்கிற ஞாபகப்படுத்தலும் இருக்கு. அண்ணன் சாவும் அப்படித்தான். அதைப் பேதோஸ்னு முடிச்சுடாதீங்க. இரட்டை விசுவாசம்ங்கிற குற்றச்சாட்டுக்கு அது சாட்சி: போருக்கு அனுப்பறப்போ யாரும் அதைக் கேக்கலியேங்கிறதுதான் வாதம்.

அடுத்து, எதிர்ல இருக்கிறவங்களோட சரித்திரத்தையே கையில எடுக்கறார். வர்ஜீனியாவுல ஒரு காலத்துல பாப்டிஸ்ட் போதகர்களைத் துன்புறுத்தினாங்க, ஜெஃபர்சனோட மதச் சுதந்திரச் சட்டத்துக்கு அது வழி விட்டுச்சுன்னு நினைவூட்டறார். இன்னிக்கு நான், நாளைக்கு நீங்களா இருக்கலாம்னு எச்சரிக்கை. மெக்சிகோ படையை எதிர்த்து நின்னு செத்த இடம்ங்கிறதால டெக்சஸ்காரங்களுக்கு அலமோ கோட்டை உயிர். அங்க செத்தவங்கள்ல ஐரிஷ் பேரா (ஐரிஷ்காரங்க பெரும்பாலும் கத்தோலிக்கர்) சிலதை எடுத்துச் சொல்லி, இவங்க கத்தோலிக்கரா இல்லையான்னு யாருக்கும் தெரியாது, அங்க யாரும் மதச் சோதனை வைக்கலங்கிறார்.

நம்பகத்தன்மை எங்க வருதுன்னா, தனக்கு நஷ்டம் வர்ற இடத்துல. வாட்டிகனுக்குத் தூதர் அனுப்பறதையும், சட்டத்துக்குப் புறம்பா மதப் பள்ளிக்கு அரசு உதவி குடுக்கறதையும் எதிர்க்கறேன்னு பகிரங்கமா சொல்றார். ரெண்டுமே சொந்த மதத்துக்காரங்க பலருக்குக் கசக்கும். 'பதவி விலகுவேன்' வரியை மட்டும் முழுசா எடுத்துப் போடுங்க. அப்படி ஒரு நேரம் வந்தாங்கிறதுக்கும், மனசாட்சியையோ நாட்டு நலனையோ மீற வேண்டியிருந்தா விலகுவேங்கிறதுக்கும் நடுவுல, அப்படி ஒரு மோதல் வர்றதுக்குத் துளிகூட வாய்ப்பிருக்குன்னு நான் ஒத்துக்கலன்னு இடைச்செருகல் ஒண்ணு இருக்கு. வாக்குறுதி குடுத்துக்கிட்டே அது தேவைப்படாதபடி பாத்துக்கறார். நிறைய பேர் மேற்கோள்ல அந்த இடைச்செருகலை வெட்டிடறாங்க.

ராணிப்பேட்டை_ராஜா:
சார் சொன்னதோட ஒண்ணு. 'இப்படி ஒரு அமெரிக்காவை நம்புறேன்'னு திரும்பத் திரும்ப வர்றதை 'அனஃபோரா'ன்னு பேர் வெச்சுட்டு நகர்ந்துடாதீங்க. ஒவ்வொரு தடவையும் அதுக்குப் பின்னாடி வர்ற விஷயம் மாறுது. முதல்ல திருச்சபை-அரசு பிரிவினை, அப்புறம் அரசுக்கு மதம் கிடையாதுன்னு, கடைசியா சகிப்பின்மை ஒழியற நாள். சட்டத்துல ஆரம்பிச்சு ஆசையில முடியுது. ஒலிப்பதிவையும் கேளுங்க, எங்க நிறுத்தறார்னு தாள்ல தெரியாது.

ஒப்பிட, அதிபர் வேட்பாளராக முயற்சி பண்ணின மார்மன் மதத்துக்காரர் மிட் ராம்னி 2007 டிசம்பர் 6-ல பேசினது தோதா இருக்கும். 'மார்மன்'ங்கிற சொல் அதுல ஒரே ஒரு தடவைதான் வருது. கென்னடி மதத்தைத் தனி விஷயமாக்கினார். இவரோ சுதந்திரத்துக்கு மதம் வேணும்னு பொதுவாக்கறார். என் கணக்குல இவர் வாதம் பலவீனம், நம்பிக்கையே இல்லாதவங்களை வெளியில நிறுத்திடுது.

குடியாத்தம்_எம்ஏ:
ரொம்ப நன்றி சார், நன்றிண்ணா. தமிழ்நாட்டுப் பேச்சு ஒண்ணோட ஒப்பிடணும்னும் மேடம் சொல்றாங்க. "வேலூர்க் கோட்டைக்குள்ள கோயில், மசூதி, சர்ச் மூணும் இருக்கு"ன்னு மேடையில பேசுவாங்களே, அது ஆகுமா?

சத்துவாச்சாரி_வாத்தியார்:
வேண்டாம்மா. அது கைதட்டு வாங்கற வரி, எந்தக் குற்றச்சாட்டுக்கும் பதில் இல்ல. அலசறதுக்கு ஒண்ணும் கிடைக்காது. அண்ணாவை எடுங்க. பகுத்தறிவு இயக்கத்துல இருந்து வந்தவர், பக்தியுள்ள ஓட்டாளர்கிட்ட போகணும். "ஒன்றே குலம் ஒருவனே தேவன்"னு திருமூலரை முன்னால வெச்சார். எதிர்த்தரப்பு மதிக்கிற நூல்லயே சாட்சி தேடறது, கென்னடி ஜெஃபர்சனை எடுத்த அதே உத்தி.

பிள்ளையாரையும் உடைக்க மாட்டேன், பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைக்க மாட்டேன்னு அவர் சொன்னதா வழங்குற வரியும் இருக்கு. பொது விஷயத்துல திருச்சபைக்காக நான் பேசல, எனக்காகத் திருச்சபை பேசலன்னு கென்னடி ரெண்டு பக்கமும் மறுக்கற வரிக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஆனா இது ஆளுக்கொரு விதமா சுத்துது. அச்சில வந்த உரைத் தொகுப்புல பாத்து, பக்க எண்ணோட எடுங்க. வாட்ஸ்அப்ல வந்ததைப் போட்டா மேடம் மறுபடியும் திருப்பிடுவாங்க.

காட்பாடி_வக்கீல்:
ஒப்பிடறப்போ சட்ட வித்தியாசத்துக்கு ஒரு ஸ்லைடு ஒதுக்குங்க. இங்க 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)-ன்படி மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேக்கறது, ஓட்டுப் போடாதேங்கறது ரெண்டுமே தேர்தல் முறைகேடு. வேட்பாளர் மதம் மட்டுமில்ல, ஓட்டாளர் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் இதுல வரும்னு 2017 ஜனவரி 2-ல ஏழு நீதிபதிகள் அமர்வு 4-3-ன்னு தீர்ப்பு குடுத்துச்சு. அமெரிக்க அரசியல் சட்டம் ஆறாவது பிரிவுல இருக்கிறது வேற: பதவிக்கு மதத் தகுதி கேக்கக் கூடாதுன்னு அரசைத்தான் அது கட்டுப்படுத்துது, ஓட்டாளரை இல்ல. கென்னடி சட்டத்தைக் காட்டி நிறுத்த முடியல, பேசித்தான் ஜெயிக்க வேண்டியிருந்துச்சு.