பியானோ வகுப்புக்கு முன் ஆறு வயதுப் பெண்ணை எப்படித் தயார் செய்வது?

வேளச்சேரி அம்மா:
ஜூன்ல பெண்ணுக்குப் பியானோ வகுப்பு ஆரம்பம். ஏற்கெனவே கர்நாடக வாய்ப்பாட்டுக்குப் போறா, இப்போ அலங்காரம்ங்கிற தாளப் பயிற்சிப் பாடம் நடக்குது. ரெண்டும் சேர்ந்தா குழம்பிடுவாளா? நோட்ஸ் படிக்க நானே முன்னாடியே சொல்லிக் கொடுத்திடட்டுமா? கீபோர்டு இன்னும் வாங்கலை.

பெரம்பூர் பியானோ டீச்சர்:
நோட்ஸை எங்ககிட்ட விட்டுடுங்கம்மா. நீங்க முதல்ல நாற்காலியைப் பாருங்க. கால் அந்தரத்துல தொங்கினா உடம்பு முன்னாடி சாயும், தோள் ஏறிக்கும், மணிக்கட்டு இறங்கிடும். அப்புறம் விரலை எவ்வளவு திருத்தினாலும் நிக்காது. கைப்பிடி இல்லாத நாற்காலியா இருக்கட்டும். முழங்கை, வாசிக்க அழுத்துற வெள்ளைக் கட்டை மட்டத்துக்கு வரணும். உயரம் பத்தலைன்னா பலகை போடுங்க, தலையணை அமுங்கிடும். காலுக்குக் கீழே மணையை அடுக்கி வைங்க. நாற்காலியோட முன்பாதியில உட்காரப் பழகட்டும்.

பாட்டு தெரிஞ்ச குழந்தைன்னா எனக்குக் கொண்டாட்டம். தாளம் கையில இருக்கும், சுருதி காதுல இருக்கும். அலங்காரம் பாடுறான்னா, அந்தப் பாடத்தோட ராகமான மாயாமாளவகௌளை அவளுக்கு மனப்பாடம். ஒரு கட்டை சுருதி, அதாவது பியானோவில சி-ன்னு சொல்ற சுரம், அதை ச-வா வச்சுக்கச் சொல்லுங்க. ரி, த ரெண்டும் கறுப்புக் கட்டையில விழும், மத்ததெல்லாம் வெள்ளை. எதுன்னு நீங்க காட்டிடாதீங்க, அவளே பாடிப் பாடித் தேடட்டும். அந்தத் தேடல்தான் நான் கேட்கிற தயாரிப்பு. அப்புறம் சி-யிலிருந்து வெள்ளையா மட்டும் வரிசையா வாசிக்கட்டும், அது சங்கராபரண ராகம். கமகம், அதாவது சுரத்தை அசைச்சு வழுக்கிப் பாடுறது, பியானோவில வராது. ஒரு கட்டைக்கு ஒரே சுரம், நடுவுல வழுக்கிப் போக வழியில்லை. இதை முன்கூட்டியே சொல்லி வைங்க, இல்லேன்னா வாத்தியம் சரியில்லைன்னு நினைச்சுப்பா.

விரல் எண் வேணா விளையாட்டாச் சொல்லிக் கொடுங்க. ரெண்டு கையிலயும் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. வீட்டுல யாராவது வயலின் கத்துக்கறாங்கன்னா கவனம், அங்கே ஆள்காட்டி விரல்தான் 1. நகம் ஒட்ட வெட்டியிருக்கணும்.

திருச்சி அப்பா:
என் பையனும் ஆறு வயசுலதான் ஆரம்பிச்சான். கீபோர்டு பத்தி மட்டும் சொல்றேன். குட்டிக் கட்டை வச்ச விளையாட்டு மாடல் வேண்டாங்க, விரல் இடைவெளியே தப்பாப் பழகிடும். பியானோவுக்கு 88 கட்டை. ஆரம்பத்துக்கு 61 கட்டை போதும், ஆனா மெதுவா அழுத்தினா மெல்லிசாவும் ஓங்கி அழுத்தினா சத்தமாவும் கேட்கிறதா இருக்கணும். கடையிலேயே அழுத்திப் பாருங்க. பணம் இருந்தா கட்டை கனமா இறங்குற டிஜிட்டல் பியானோ நல்லது. வாங்கினதை டிவி இருக்கிற ஹால்ல வைக்காதீங்க.

வேளச்சேரி அம்மா:
ரொம்ப நன்றிங்க. கட்டை மேல எழுத்து ஸ்டிக்கர் ஒட்டலாமா? கிரேடு பரீட்சை எப்போ எழுதலாம்?

பெரம்பூர் பியானோ டீச்சர்:
ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். கறுப்புக் கட்டைகள் ரெண்டு, மூணுன்னு கூட்டமா இருக்கும். ரெண்டு இருக்கிற கூட்டத்துக்கு இடப்பக்கம் ஒட்டினாப்ல இருக்கிற வெள்ளை, சி. குழந்தை இதை நிமிஷத்துல பிடிச்சுக்கும். ஸ்டிக்கர் ஒட்டினா கண்ணு எழுத்தை மட்டும்தான் பார்க்கும், எடுத்த அன்னிக்குக் கை தடுமாறும்.

கிரேடு பரீட்சை நடத்துற டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் ரெண்டு அமைப்புலயும் கிரேடு 1-க்கு முன்னாடி இனிஷியல்னு ஒரு நிலை இருக்கு. ஆனா முதல் வருஷத்துல அந்தப் பேச்சையே எடுக்காதீங்க, மன்றாடிக் கேட்கிறேன். பரீட்சைக்குன்னு மூணு பாட்டையே மாசக்கணக்கா உருப்போட்டு, நாலாவது பாட்டை வாசிக்கத் தெரியாம வர்ற பிள்ளைகளைப் பார்த்தா மனசு வலிக்குது.

தினமும் பத்து நிமிஷம், பக்கத்துல நீங்க உட்கார்ந்து கேளுங்க. முதல் வகுப்புக்கு அந்த மணையோட உயரத்தை அளந்து டீச்சர்கிட்ட சொல்லிடுங்க, அங்கேயும் அதே உயரத்துல கால்பலகை போடச் சொல்லலாம்.