குளவி கொட்டினால் புழு குளவியாகுமா? உடைந்த கூட்டுக்குள் பார்த்ததும் சில கேள்விகளும்

சாளரம் எழுதியது:

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைத் துடைக்கும்போது, சட்டத்தின் மேல் மூலையில் ஒட்டியிருந்த மண்கட்டி ஒன்று துணியில் சிக்கிப் பெயர்ந்து விழுந்துவிட்டது. கோழி முட்டை அளவு இருக்கும். குளவிக் கூடு. நான்கு அறைகளில் ஒன்று மட்டும் பக்கவாட்டில் உடைந்து திறந்துகொண்டது. உள்ளே ஏழு பச்சைப் புழுக்கள், ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்து வைத்த மாதிரி கிடந்தன. செத்தவை என்று நினைத்தேன். ஆனால் நாற்றம் இல்லை, நிறமும் மாறவில்லை. ஈர்க்குச்சியால் தொட்டதும் ஒன்று வாலை லேசாக அசைத்தது. அறையின் கூரையிலிருந்து முடி போன்ற ஓர் இழை தொங்கியது, அதன் நுனியில் வெள்ளையாக, நீள்வட்டமாக ஏதோ ஒன்று.

சின்ன வயதில் பாட்டி சொல்வார்: குளவி புழுவைக் கொண்டுவந்து மண்ணறையில் அடைக்கும், ரீங்காரம் செய்தபடி கொட்டிக்கொண்டே இருக்கும், கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிவிடும் என்று. நான் அதை அப்படியே நம்பி வளர்ந்தவள். என் மகனுக்கும் அதையே சொல்லியிருக்கிறேன். இப்போது அவன் கூட்டைப் பார்த்துவிட்டு, "ஏழு புழு இருக்கே, ஏழு குளவி வருமா?" என்று கேட்கிறான். பதில் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அவன் ஏழாம் வகுப்பு. "பூச்சிகளிடமிருந்து மனிதன் கற்றவை" என்று கட்டுரை எழுத வேண்டும். அங்கே இங்கே தேடி ஒரு பட்டியல் வைத்திருக்கிறான்: குளவியிடமிருந்து காகிதம், கரையான் புற்றிலிருந்து கட்டடம், கப்பல் புழுவிடமிருந்து சுரங்கம், எறும்பிடமிருந்து சுறுசுறுப்பு, விட்டில் பூச்சியிடமிருந்து ஆசையை அடக்குவது. இதில் எது உண்மை? தவறாக எழுதிக் கொடுத்துவிடக் கூடாது என்று எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

கூட்டை இன்னும் வீசவில்லை. என்ன செய்யலாம்?

---

பூச்சிப்படக்காரன் எழுதியது:

வீசாதீர்கள்! அந்தக் கூரையில் தொங்கும் வெள்ளை நீள்வட்டம்தான் குளவி. அதன் முட்டை அது.

பதினோரு வருடமாகப் பூச்சிகளைப் படமெடுக்கிறேன். நீங்கள் சொல்கிற காட்சியை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், மன்னிக்கவும்.

இந்த மண்குளவி முதலில் அறையைக் கட்டும். கூரையிலிருந்து ஓர் இழையில் முட்டையைத் தொங்கவிடும். அதன் பிறகுதான் வேட்டைக்குப் போகும். புழுவைப் பிடித்துக் கொட்டுவது உண்மை, ஆனால் கொல்வதற்காக இல்லை, அசையாமல் செய்வதற்காக. செத்த புழு இரண்டு நாளில் அழுகிவிடும். மரத்துப்போன புழு வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். தாய்க்குளவி குடிப்பது பூந்தேன்தான், புழுக்கள் எல்லாம் குஞ்சுக்கான கட்டுச்சோறு. அறை நிறைந்ததும் வாசலை மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடும். ஆக, உங்கள் மகனுக்குப் பதில்: ஏழு புழுவுக்கு ஒரு குளவி.

முட்டையை ஏன் தொங்கவிடுகிறது? நீங்களே பார்த்துவிட்டீர்கள், ஒரு புழு வாலை அசைத்தது அல்லவா? இந்த வகைக் குளவி புழுவை முழுதாக மரத்துப்போகச் செய்வதில்லை. குவியலுக்கு நடுவில் முட்டை கிடந்தால் ஒரே நெளிவில் நசுங்கிவிடும். பிரான்ஸில் ழான் ஆன்ரி ஃபாபர் (1823–1915) என்பவர் கூட்டின் பக்கச் சுவரைத் திறந்து வைத்து, உட்கார்ந்து பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். பொரிந்த குஞ்சு, முட்டை ஓட்டில் எஞ்சிய உறையைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கியபடியே கீழே இருக்கும் புழுவைத் தின்னும். குவியலில் ஏதாவது நெளிந்தால் உறைக்குள்ளேயே பின்வாங்கி மேலே ஏறிக்கொள்ளும். அடங்கியதும் மறுபடி இறங்கும். உடம்பு பெருத்துப் பலம் வந்த பிறகுதான் இழையை விட்டுக் கீழே விழும்.

பாட்டியை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. புழு உள்ளே போனதை அவர் பார்த்திருக்கிறார், குளவி வெளியே வந்ததையும் பார்த்திருக்கிறார். இரண்டும் சரி. நடுவில் சில வாரங்களை மண்சுவர் மறைத்துவிட்டது. ரீங்காரமும் கற்பனை இல்லை. மண் பூசும்போது சில குளவிகள் உடம்பை அதிரவைக்கும், அந்த அதிர்வில் மண் இளகிப் படியும். பக்கத்தில் நின்றால் நன்றாகவே கேட்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: உடைந்த பக்கத்தை ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடி ஓரத்தில் ஈர மண் வைத்து ஒட்டுங்கள். மொத்தக் கட்டியையும் அகலமான ஜாடியில் வைத்து, வாயில் வலைத்துணி கட்டுங்கள். நேர் வெயில் வேண்டாம். எறும்பு ஏறக் கூடாது, அது ரொம்ப முக்கியம். தீனி எதுவும் போட வேண்டாம், அம்மா எல்லாம் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

---

பழைய பலகை எழுதியது:

ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியன் நான். பட்டியலைப் பார்த்தேன் அம்மா.

காகிதம் பெரும்பாலும் சரி. கந்தல் துணியிலிருந்து காகிதம் செய்துகொண்டிருந்த காலத்தில், 1719-ல், ரியோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர் குளவிகள் மரநாரை மென்று காகிதக் கூடு கட்டுவதைச் சுட்டிக்காட்டி, நாமும் மரத்திலிருந்து செய்யலாமே என்றார். (இது உங்கள் மண்குளவி இல்லை, காகிதக்குளவி.) ஆனால் அவரே செய்து காட்டவில்லை. மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறை 1840-களில்தான் வந்தது. குளவி கற்றுக்கொடுத்தும் நமக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆனது என்று பையன் எழுதலாம்.

கப்பல் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவை எடுத்துவிடச் சொல்லுங்கள். மார்க் புரூனல் என்ற பொறியாளர் அதைப் பார்த்துச் சுரங்கம் தோண்டும் கவசத்தை அமைத்தார், 1818-ல் காப்புரிமை வாங்கினார் என்பதெல்லாம் சரி. ஆனால் கப்பல் புழு பூச்சியே இல்லை, சிப்பி இனம்.

கரையான் புற்று விஷயம்தான் சுவையானது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 1996-ல் திறந்த ஈஸ்ட்கேட் கட்டடத்தை மிக் பியர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் புற்றை மனதில் வைத்து வடிவமைத்தார். சூடான காற்று புற்றுக்குள் மேலே ஏறி வெளியேறும், அதனால் உள்ளே ஒரே குளிர்ச்சி என்பது அன்றைய கருத்து. கட்டடம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஸ்காட் டர்னர் என்ற உயிரியலாளர் புற்றுகளை அளந்து பார்த்தபோது, கூட்டின் வெப்பம் பெரும்பாலும் சுற்றியுள்ள மண்ணின் வெப்பத்தையே பின்தொடர்வது தெரிந்தது. குளிர்விப்பதைவிடக் காற்றை மாற்றுவதுதான், நம் நுரையீரல் மாதிரி, புற்றின் முக்கிய வேலை என்றார். 2015-ல் வேறொரு வகைக் கரையானின் புற்றை ஆராய்ந்தவர்கள், பகலில் ஓரங்களில் ஏறும் காற்று இரவில் திசை மாறி நடுவில் ஏறுவதைக் கண்டார்கள். தவறாகப் புரிந்துகொண்ட பாடத்திலிருந்தும் ஒரு நல்ல கட்டடம் வந்தது. எனக்கு இது மிகவும் பிடித்த உதாரணம்.

விட்டில் பூச்சி பாவம். அதற்கு ஆசையும் இல்லை, மோகமும் இல்லை. அதிவேகக் கேமராவில் படம் பிடித்து 2024-ல் ஒரு ஆய்வு வெளியானது. பறக்கும் பூச்சி தன் முதுகை எப்போதும் வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இரவிலும் மேலே இருந்த வானம்தான் கீழே இருந்த தரையைவிட வெளிச்சம், எனவே வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் மேல். விளக்கு பக்கவாட்டில் இருந்தால் சாய்ந்து சாய்ந்து அதையே சுற்றுகிறது, கீழே இருந்தால் தலைகுப்புறக் கவிழ்கிறது. அதற்கு நாம் ஒழுக்கம் போதிக்கிறோம்! அங்கே கற்க வேண்டியது, தேவையில்லாத விளக்கை அணைப்பது.

கட்டுரையில் சார்ல்ஸ் டர்னரைச் சேர்க்கச் சொல்லுங்கள். செயிண்ட் லூயிஸ் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கறுப்பினத்தவர். பெரிய ஆய்வகம் கிடையாது. பூங்காவில் வண்ண வட்டுகளில் தேன் வைத்துச் சோதித்து, தேனீக்கள் நிறத்தை அடையாளம் காண்கின்றன என்று 1910-ல் எழுதினார். என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் அவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டதில்லை.

---

வழித்தடம் எழுதியது:

எறும்பு பற்றி நான் சொல்லலாமா? வண்டிகளுக்கு வழி வகுக்கும் மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை. அதன் அடிப்படையே எறும்புதான், ஆனால் சுறுசுறுப்பு இல்லை.

எறும்பு நடக்கும்போது ஒரு வாசனையை விட்டுப் போகும். குட்டை வழியில் போனது சீக்கிரம் திரும்பும், எனவே அந்த வழியில் வாசனை சீக்கிரம் கூடும், அடுத்தது அதையே தேர்ந்தெடுக்கும். 1980-களின் இறுதியில் பெல்ஜிய ஆய்வாளர்கள் கூட்டுக்கும் தீனிக்கும் நடுவில் இரண்டு கிளை உள்ள பாலம் வைத்தார்கள், ஒன்று மற்றதைவிட இரு மடங்கு நீளம். சிறிது நேரத்தில் பெரும்பாலான எறும்புகள் குட்டைக் கிளையில் வந்துவிட்டன. தலைவன் இல்லை, வரைபடம் இல்லை.

ஆனால் முதலில் நீளமான கிளையை மட்டும் வைத்து, அரை மணி நேரம் கழித்துக் குட்டைக் கிளையைச் சேர்த்தால்? பெரும்பாலும் எறும்புகள் பழைய நீள வழியிலேயே போய்க்கொண்டிருந்தன. அந்த வாசனை மெதுவாகத்தான் ஆவியாகிறது, பழைய தடம் அவற்றை விடவில்லை. மார்கோ டோரிகோ 1992-ல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதைக் கணினி முறையாக மாற்றியபோது, தடம் ஆவியாவதையும் கணக்கில் வைத்தார். கணினிக்குள் எவ்வளவு வேகமாக ஆவியாக வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம். நான் முதன்முதலில் எழுதிய நிரலில் அந்த எண்ணை மிகக் குறைவாக வைத்துவிட்டேன். ஒரே மோசமான வழியை இரவு முழுக்கச் சுற்றிச் சுற்றிக் கொடுத்தது. அந்த எண்ணைக் கூட்டியதும் பத்து நிமிடத்தில் நல்ல வழி வந்தது. மறதியும் வேலையில் ஒரு பங்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

---

சாளரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பட்டியலை மகனே அடித்துத் திருத்துகிறான். கண்ணாடித் துண்டு ஒட்டியாகிவிட்டது, ஜாடியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தியிருக்கிறோம். பாட்டி சொன்னதை நீக்கட்டுமா என்று கேட்டான். நீக்காதே, முதல் பத்தியில் அதையே வை, அப்புறம் பார்த்ததை எழுது என்றேன்.

---

சாளரம் எழுதியது (27 நாட்கள் கழித்து):

சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் முட்டை பொரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தோம், நீங்கள் சொன்னபடியே தலைகீழாகத் தொங்கித் தின்றது. மகன் ஜாடியை மெதுவாகத் தட்டினான், அது மேலே சுருங்கியது. அப்புறம் தட்டவே கூடாது என்று அவனே விதி போட்டுக்கொண்டான். ஆறாம் நாள் இழையை விட்டு இறங்கியது. பத்தாம் நாள் ஏழு புழுவும் காலி, தோல் மட்டும் மூலையில். பிறகு உள்ளேயே மெல்லிய பட்டுப்போல ஏதோ நெய்து மூடிக்கொண்டது, அதற்குமேல் தெரியவில்லை. தினமும் பள்ளிக்குப் போகும் முன் தேதி போட்டுக் குறித்து வைத்தான்.

இருபத்தோராம் நாள் முதல் அறையில் ஓட்டை விழுந்து ஒரு குளவி வந்தது. மறுநாள் இன்னொன்று. இரண்டையும் ஜன்னலில் விட்டோம். இன்று காலை கண்ணாடி ஒட்டிய அறையிலிருந்து மூன்றாவது. அது சிறகைச் சரிசெய்துகொண்டு பறந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, துணியில் சிக்கி என் கையால் விழுந்த கூடு அல்லவா.

ஆனால் நான்காவது அறையிலிருந்து வந்தது குளவி இல்லை! பச்சையும் நீலமுமாக உலோகம் போல மின்னுகிறது, பாதி அளவுதான். வலைத்துணியைத் தட்டியதும் உருண்டையாகச் சுருண்டுகொண்டது. இது யார்?

---

பூச்சிப்படக்காரன் எழுதியது:

குயில்குளவி! காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவது போலத்தான். தாய்க்குளவி வேட்டைக்குப் போய் வாசல் திறந்திருக்கும் நேரம் பார்த்து உள்ளே நுழைந்து முட்டையிட்டுவிடும். அதன் குஞ்சு வீட்டுக்காரக் குஞ்சையும் முடித்து, கட்டுச்சோற்றையும் தின்றுவிடும். வீட்டுக்காரி திரும்பி வந்து பிடித்தால் என்ன செய்வது? அதற்குத்தான் அந்த உருண்டை. முதுகுத் தோல் தடிப்பு, வயிற்றுப் பக்கம் குழிவு, சுருண்டால் கொடுக்கு இறங்க இடமே இருக்காது. அது நம்மைக் கொட்டாது, பயப்படாமல் திறந்துவிடுங்கள். விடும் முன் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், தயவு செய்து.

---

சாளரம் எழுதியது:

படம் போட்டிருக்கிறேன், கொஞ்சம் ஆடிவிட்டது. மகன் கேட்கிறான்: வாசல் திறந்திருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரிகிறது, எங்கேயாவது உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்குமா? ஜன்னல் சட்டத்தின் அதே மூலையில் நேற்றிலிருந்து ஈர மண் வட்டம் ஒன்று எழும்புகிறது. அவன் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுவிட்டான்.